பாதி வெளிச்சத்தின் எண்

முன்னறையில் கண்ணாடி, பின்னறையில் கண். அந்த வீட்டைப் பற்றித் தெருவில் இப்படித்தான் சொல்வார்கள். முன்னறையில் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். பின்னறையில் மனைவி செயற்கைக் கண் செய்தாள். கண்ணாடி வாங்க வருகிறவர்கள் பேரம் பேசியே பொழுதைப் போக்குவார்கள். கண்ணுக்காக வருகிறவர்கள் வாயே திறக்க மாட்டார்கள். அதற்கேற்ற மாதிரி முன்னறையில் வாய் ஓயாத மனிதர், பின்னறையில் கை ஓயாத மனுஷி. பொருத்தம் பார்த்துக் கட்டிவைத்தவர்கள் கெட்டிக்காரர்கள்தான்.

செயற்கைக் கண் என்றால் உருண்டையாக ஒரு கோலிக்குண்டு என்று பலரும் நினைக்கிறார்கள். அதெல்லாம் கதையில். உண்மையில் அது சிப்பி மாதிரி ஓர் அக்ரிலிக் ஓடு. இமைகளுக்குள் செருகினால் உட்கார்ந்துகொள்ளும். ஓட்டைச் செய்வதில் பெரிய வித்தை இல்லை, பொறுமை போதும். வித்தையெல்லாம் நடுவில் இருக்கும் கருவிழியில்தான். முன்பு அதைத் தூரிகையால் வரைந்துகொண்டிருந்தாள். சில வருடங்களாக, நல்ல கண்ணைப் படம் எடுத்து, கணினியில் திருத்தி, சட்டைப் பொத்தான் அளவுக்கு அச்சடித்து, அதன்மேல் தெளிந்த அக்ரிலிக்கால் மூடுகிறாள். அவள் கொடுத்த கண்ணைப் பார்த்து அதுவரை ஒருவரும் முகம் சுளித்ததில்லை. முதன்முதலாகச் சுளித்தது கூடப்பிறந்த தம்பி.

தம்பி எட்டாம் வகுப்புக்குக் கணக்கு வாத்தியார். வீட்டில் அவன் பெயரே கணக்குதான். வாத்தியார் ஆவதற்கு வெகுகாலம் முன்பே வந்த பெயர் அது. எதைக் கொடுத்தாலும் "ஏன் இவ்வளவு?" என்று கேட்கிற பிள்ளையை வேறு எப்படிக் கூப்பிடுவது? பள்ளி மைதானத்தில் புல்வெட்டும் இயந்திரம் தெறித்த ஒரு சின்னக் கல் அவனுடைய இடது கண்ணைக் கொண்டுபோய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அக்கா வீட்டு மாடிக்கு வந்தவன்தான். வந்த அன்றே முன்னறைக்குப் போய், கடையிலேயே மிகக் கறுப்பான கண்ணாடி எது என்று கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டான். நல்ல கண்ணைப் படம் எடுத்த ஒரு கணம் தவிர, அதைப் பிறகு அவன் கழற்றி யாரும் பார்க்கவில்லை. சாப்பிடும்போதும் கண்ணாடி. மின்சாரம் போனாலும் கண்ணாடி. ஒருநாள் சாயங்காலம் முக்காலியில் முட்டிக்கொண்டு விழப் போனான். குடும்பமே ஒன்றுகூடி முக்காலியைத் திட்டியது. "இதை யாரு இங்க போட்டது?" என்று அக்காவின் கணவர், அவனுடைய மாமா, குதித்த குதியில் அக்கம்பக்கத்து வீடுகளில் விளக்கு எரிந்தது. கண்ணாடியைப் பற்றி மட்டும் யாரும் மூச்சு விடவில்லை. அது அந்த வீட்டில் பேசிவைக்காமலே வந்துவிட்ட சட்டம்.

அவனுக்காக அக்கா செய்த முதல் கண் அடுப்புக்கரி நிறத்தில் வந்தது. இரண்டாவது பால் கலந்த மாதிரி வெளிறிப்போயிருந்தது. கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், கதவைச் சாத்திப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான்.

"மொதல்ல கரி, அப்புறம் சாம்பல். அடுத்தது என்னக்கா, புகையா?"

அவன் சிரித்தான். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"திங்கக்கிழமையோட லீவு முடியுது" என்றான். "அடுத்ததும் சரியா வரலேன்னா விடு. வேலைய விட்டுட்டு ஆன்லைன்ல பாடம் எடுக்கறேன். கேமராவ அணைச்சு வெச்சுட்டா யாருக்கு என்ன தெரியப்போவுது?"

மெதுவாகச் சொன்னான், ஆனால் முடிவு செய்துவிட்டுச் சொன்னான். வகுப்பறையில் நாற்பது பிள்ளைகளின் சத்தத்துக்கு நடுவே நின்று, கையெல்லாம் சாக்பீஸ் தூளோடு வீட்டுக்கு வருகிறவன் அவன். கேமராவை அணைத்துவிட்டு ஒரு மாடியறையில் தனியாகப் பேசிக்கொண்டிருப்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலை பின்னறையில் உட்கார்ந்து, கரியையும் சாம்பலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கோபம்கூடக் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. அதற்குப் பதிலாக ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. பொய் எங்கே நுழைகிறது? கேமரா, கோப்பு, திரை, அச்சு இயந்திரம் என்று நாலு பேர் கைமாறித்தான் ஒரு கண் வருகிறது. நாலில் ஒருவன் புளுகுகிறான். யார்?

அச்சு இயந்திரத்தின்மேல் அவளுக்குச் சந்தேகம் இல்லை. எந்தத் தாளில் எந்த மை எப்படி இறங்கும் என்று சொல்லும் ப்ரொஃபைல் ஒன்று அதற்கு உண்டு. தாளை மாற்றினால் ப்ரொஃபைலையும் மறக்காமல் மாற்றுகிறவள் அவள். அதே வாரம் ஒரு லாரி ஓட்டுநருக்குச் செய்த கண் அச்சு அசலாக வந்தது. ஆனால் லாரி ஓட்டுநரை ஜன்னல் பக்கம் அழைத்துப் போய், அச்சடித்த கருவிழி வட்டை நல்ல கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்திருந்தாள். எல்லோருக்கும் அப்படித்தான் செய்வாள். தம்பிக்கு மட்டும் செய்யவில்லை. படம் எடுத்த கணமே அவன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டான். மறுபடி கழற்று என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை. அதனால் திரையை நம்பினாள். திரையில் அவனுடைய கண்ணைப் பெரிதாக்கி, "சரியா இருக்கா பாரு" என்றாள். இருட்டாக இருக்கிறது என்றான். திரைக்குக் கீழே இருந்த பொத்தான்களைத் துழாவினாள். காமா என்று ஒன்று கிடைத்தது. எண்ணைக் குறைக்கக் குறைக்கப் படம் வெளுத்தது. அவன் தலையாட்டியதும் நிறுத்தினாள். குறைத்தால் எதற்கு வெளுக்க வேண்டும் என்று அப்போது அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போது கேட்டுக்கொண்டாள். இணையத்தில் தேடியதில் யாரோ ஒரு புகைப்படக்காரர் எழுதிவைத்த சோதனை ஒன்று கிடைத்தது. ஒரு வரி கறுப்பு, ஒரு வரி வெள்ளை, மறுபடி ஒரு வரி கறுப்பு என்று மயிரிழை இழையாகக் கோடுகளால் ஒரு சதுரத்தை நிரப்ப வேண்டும். அதன் நடுவில் வெறும் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னச் சதுரம். தள்ளி நின்று பார்த்தால் கோடுகள் ஒன்றோடொன்று குழைந்து தாங்களும் சாம்பலாகிவிடும். நடுச் சதுரம் அதில் கரைந்து காணாமல் போகும்வரை அதன் எண்ணை மாற்ற வேண்டும்.

பாதிக்குப் பாதி வெள்ளை, பாதிக்குப் பாதி கறுப்பு. ஆக வெளிச்சம் சரிபாதி. கணினியில் கறுப்புக்கு எண் பூஜ்யம், வெள்ளைக்கு 255. அப்படியானால் பாதி வெளிச்சத்தின் எண் நடுவில், 128 தானே? குழந்தைகூடச் சொல்லுமே. 128 என்று போட்டுவிட்டுக் கதவோரம் போய் நின்று பார்த்தாள். சதுரம் கரையவில்லை. கோடுகளின் நடுவே குழி வெட்டிய மாதிரி இருட்டாக நின்றது.

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். திரும்பவும் பார்த்தாள். குழி அப்படியே இருந்தது.

மாடிப்படிக்கு அடியில் நின்று குரல் கொடுத்தாள். "டேய் கணக்கு! ஒரு கணக்கு இடிக்குது, கொஞ்சம் இறங்கி வா."

வேறு எதற்குக் கூப்பிட்டிருந்தாலும் தூக்கம் வருகிறது என்றிருப்பான். இதற்கு வந்துவிட்டான். கறுப்புக் கண்ணாடியோடு கதவோரம் நின்று திரையைப் பார்த்தான். முன்னால் போனான், பின்னால் வந்தான்.

"கோட்டை எண்ணிப் போட்டியா? கறுப்பு அதிகமா போயிடல?"

"பத்து தடவ பாத்துட்டேன். ரெண்டும் சமம்."

"அப்போ 128 பாதி இல்ல." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவன் குரலில் அந்தப் பழைய வெடுக்கு வந்திருந்தது. "ஏன் இல்ல? எவன் இதுக்கு நம்பர் போட்டான்?"

அக்கா தான் படித்ததைச் சொன்னாள். மனிதக் கண்ணுக்கு இருட்டில்தான் சின்ன வித்தியாசமெல்லாம் தெரியும். மின்சாரம் போன வீட்டில் ஒரு மெழுகுவத்தி எரிகிறது; இன்னொன்று ஏற்றினால் வீடே மாறிப்போகும். அதையே பட்டப்பகலில் முற்றத்தில் ஏற்றினால் எரிகிறதா அணைந்ததா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும். அதனால் கேமரா என்ன செய்கிறது என்றால், இருக்கிற எண்களில் அதிகப் பங்கை இருட்டுக்கு ஒதுக்கிவிட்டு, வெளிச்சத்துக்குக் கொஞ்சமாகக் கிள்ளிக் கொடுக்கிறது. வேண்டுமென்றே கணக்கை வளைத்து எழுதுகிறது.

"திரைக்கு அது எப்படித் தெரியும்?"

"அது மறுபக்கமா வளைச்சுக் காட்டும். ரெண்டு வளைசலும் சேந்தா நேராயிடும். அந்த வளைசலுக்குப் பேருதான் காமாவாம்."

தம்பி மேஜையில் ஒரு தட்டு தட்டினான். "வர்க்கமூலம்! கேமரா வர்க்கமூலம் எடுத்து எழுதிவைக்குது, திரை வர்க்கப்படுத்திக் காட்டுது. அவ்வளவுதானே? இரு இரு. பாதிக்கு வர்க்கமூலம் புள்ளி ஏழு சொச்சம். அதை 255ஆல பெருக்கினா 180. பாதி வெளிச்சம் 180கிட்ட இருக்கணும்."

"186ன்னு போட்டிருக்கு. வர்க்கம்னா ரெண்டு, இங்க ரெண்டு புள்ளி ரெண்டாம்."

"அதான பாத்தேன். சரி, ஏத்து."

அவள் எண்ணை ஏற்றினாள். 140, 150. குழி ஆழம் குறைந்துகொண்டே வந்தது. 165இல் சதுரம் தண்ணீரில் உப்பு மாதிரி கரைந்தே போனது. இருவரும் ஒரே சமயத்தில் "ஆ!" என்றார்கள். அடுத்த நிமிடம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். 165 என்றால் 186 அல்லவே.

தம்பி கைப்பேசியை எடுத்து மடக்கைக் கணக்குப் போட்டான். "இந்தத் திரையோட வளைசல் ஒண்ணு புள்ளி ஆறு. ரெண்டு புள்ளி ரெண்டு இருக்க வேண்டிய எடத்துல ஒண்ணு புள்ளி ஆறுதான் இருக்கு. இருட்டையெல்லாம் தூக்கி வெளிச்சமாக் காட்டுது உன் திரை."

அவள் திரைக்கடியில் பொத்தானை அழுத்தினாள். காமா என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 1.6 என்று இருந்தது. கணக்கு வாத்தியார் கோடுகளைப் பார்த்தே கண்டுபிடித்த அதே எண். அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா! பாத்தியா! ஆமா, யாரு இதைக் குறைச்சு வெச்சது?"

"நான்தான்" என்றாள். "நீ இருட்டா இருக்குன்னே."

முழுக் கதையும் அவளுக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. அவன் தலையாட்டிவிட்டுப் போனபிறகு, பொய் சொல்லும் திரையில் கண் அவளுக்கு வெளிறித் தெரிந்தது. வெளிறலைப் போக்கக் கோப்பை இருட்டாக்கினாள். அச்சில் கரி வந்தது. பதறிப்போய் அந்தக் கோப்பிலேயே எல்லா எண்ணுக்கும் ஒரே அளவு கூட்டினாள். வெளிச்சமான இடத்தில் அது தெரியவே இல்லை, இருட்டான இடமெல்லாம் புகை படிந்தது. சாம்பல் வந்தது. சரி, ஆனால் முதல்முதலில் அவனுக்கு ஏன் இருட்டாகத் தெரிந்தது? பதில் அவனுடைய மூக்கின்மேல் உட்கார்ந்திருந்தது. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினாள். திங்கட்கிழமை நெருங்கிக்கொண்டிருக்கிறது, சொல்லித் தொலைக்க வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. வாய் வரவில்லை. வீட்டுச் சட்டம் அப்படி ஊறியிருந்தது.

தம்பி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் நெற்றி சுருங்கியது.

"அக்கா, ஒண்ணு இடிக்குது."

"என்ன?"

"நான் கறுப்புக் கண்ணாடி போட்டுத்தானே கோட்டைப் பாத்தேன்? அப்போ என் 165 தப்பா வந்திருக்கணுமே. உனக்கும் எனக்கும் எப்படி ஒரே எடத்துல கரைஞ்சது?"

சொல்லிவிட்டு, சரிபார்க்கத்தான் போகிறேன் என்பது போல, கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தான்.

அக்கா மூச்சை அடக்கிக்கொண்டாள். இடது இமைக்குள் தற்காலிகமாகச் செருகிய, நிறமில்லாத வெற்று ஓடு தெரிந்தது. எத்தனை பேருக்கு எத்தனை ஓடுகளைச் செருகியிருக்கிறாள்! ஒருமுறைகூடப் பார்வையை விலக்கியதில்லை. இப்போது திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவனோ தன் முகம் என்று ஒன்று இருப்பதையே மறந்துபோயிருந்தான். எழுந்து கதவோரம் போனான். கண்ணாடியை எடுத்து முன்னால் பிடித்தான், விலக்கினான், பிடித்தான், விலக்கினான்.

"அதேதான்! கண்ணாடியோடயும் 165, இல்லாமயும் 165." தலையைச் சொறிந்தான். "ஓ... கண்ணாடி கோட்டு வெளிச்சத்துல எவ்வளவு பங்கை எடுக்குதோ, அதே பங்கைச் சதுரத்துலயும் எடுக்குது. ரெண்டுலயும் ஒரே பங்கு போனா சமம் சமமாவேதான் இருக்கும். சே, இது எட்டாங்கிளாஸ் பாடம்!"

அப்போதுதான் மாமா தேநீர்த் தட்டோடு உள்ளே நுழைந்தார். வாசல்படியிலேயே நின்றார். அந்த மனிதர் வாழ்க்கையில் பேசாமல் நின்ற நேரங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், இது அதில் ஒன்று. ஒன்றும் கேட்டுவிடாதீர்கள் என்று மனைவி கண்ணாலேயே கெஞ்சினாள்.

"மாமா, நல்ல நேரத்துல வந்தீங்க" என்றான் தம்பி. "இந்தக் கண்ணாடி எவ்வளவு வெளிச்சத்தத் திங்கும்?"

மாமா தட்டை வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு கடைக்காரராகவே பதில் சொன்னார். "நாலுல மூணு பங்கத் தின்னுடும் மச்சான். நீதான் இருக்கறதுலயே கறுப்பு வேணும்னே. போதாததுக்கு அது பழுப்புக் கறுப்பு. நீலத்தையும் கொஞ்சம் முழுங்கும்."

"நாலுல மூணா?"

தம்பி மெல்லத் திரும்பினான். கோட்டுச் சதுரத்துக்குப் பின்னால் திறந்து கிடந்தது அவனுடைய கண்ணின் படம், அவனே பார்த்துத் தலையாட்டிய முதல் படம். அக்கா அதை முன்னால் கொண்டுவந்தாள். அவன் அதை வெறும் கண்ணால் அன்றுதான் பார்த்தான்.

"இதுக்கா நான் சரின்னு சொன்னேன்? இது என்ன, தண்ணி ஊத்தின காப்பி மாதிரி இருக்கு!"

அவன் படத்தைப் பார்த்தான், மேஜையில் கிடந்த கண்ணாடியைப் பார்த்தான். கை தன்னால் முகத்துக்குப் போனது. பாதி வழியில் நின்றது.

"கேமரா தப்பில்ல" என்றான். "அச்சு தப்பில்ல. என் கண்ணாடிய நம்பி நீ திரைய மாத்தியிருக்கே."

"ஆமா."

"கழட்டிட்டுப் பாருடான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "சொல்லியிருந்தா கழட்டியிருப்பியா?"

அவன் யோசித்தான். பொய் சொல்லத் தெரியாதவன். "எழுந்து போயிருப்பேன்."

"அதான் சொல்லல."

மாமா தேநீரை ஆளுக்கொன்றாக நீட்டினார். "ஆறிப்போறதுக்குள்ள குடிங்க ரெண்டு பேரும். கண்ணுக்கு முன்னாடி தொண்டைய நனைங்க" என்றார். அவ்வளவு நேரம் வாயை அடக்கியதே அவருக்குப் பெரிய காரியம்.

அக்கா திரையின் காமாவை 2.2க்குத் திருப்பினாள். கோட்டுச் சதுரம் இப்போது 186இல் கரைந்தது. கேமராவிலிருந்து எடுத்த மூலப் படத்தை, யாரும் கை வைக்காத அதே படத்தை, மறுபடி திறந்தாள். இதுவரை தெரியாத ஒன்று அதில் தெரிந்தது. ஆழ்ந்த பழுப்புக்குள், கண்பாவையைச் சுற்றி, நூல் மாதிரி ஒரு தேன்நிற வளையம். கரியில் அது மூழ்கியிருந்தது, சாம்பலில் கரைந்திருந்தது. அம்மாவுக்கும் அதே வளையம் உண்டு. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

அச்சடித்தாள். வட்டாக வெட்டினாள். அக்ரிலிக் மூடினால் எப்படித் தெரியும் என்று பார்க்க அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தாள். பிறகு மற்றவர்களிடம் சொல்வதைப் போலவே சொன்னாள்.

"ஜன்னல்கிட்ட வந்து உக்காரு. நேராப் பாரு."

வந்து உட்கார்ந்தான். ஜன்னலுக்கு வெளியே தெரு. காய்கறிப் பையோடு ஒரு பெண் நடந்து போனாள். திரும்பி உள்ளே பார்த்தாள், ஒரு நொடி கூடுதலாகவே பார்த்தாள். தம்பியின் தோள் விறைத்ததை அக்கா உணர்ந்தாள். இதோ எழுந்துவிடுவான் என்று நினைத்தாள். அவன் எழவில்லை.

"என்னக்கா, பொருந்துதா? வாயத் திறந்து சொல்லேன்."

பொருந்தியது. வட்டு எங்கே முடிகிறது, கண் எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டியிருந்தது. "பொருந்துதுடா" என்றாள்.

மறுநாள் ஓடு தயாராகி, மெருகேறி, இமைக்குள் போய் உட்கார்ந்தது. அது நல்ல கண்ணோடு கூடவே ஓடாது, கொஞ்சம் பின்தங்கித்தான் திரும்பும். அதை அக்கா ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு அவன் மாடிக்குப் போகவில்லை. அங்கேயே நின்று பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். கறுப்புக் கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அது சட்டைப் பைக்குள் போனதை நினைத்து அக்காவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. வேண்டுமென்கிறபோது எடுத்து மாட்டிக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

திங்கட்கிழமை காலை அவள் கடைவாசலுக்கு வருவதற்குள் அவன் கிளம்பிவிட்டிருந்தான். அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. ஒரு வட்டை மூன்று தடவை வெட்டினாள். சாயங்காலம் கைப்பேசி அடித்தது. பின்னணியில் மணிச்சத்தமும் பிள்ளைகளின் கூச்சலும்.

"அக்கா, கிளாஸ் வாசல்வரைக்கும் கண்ணாடியப் போட்டுட்டுத்தான் போனேன்" என்றான். "பொய் சொல்லமாட்டேன்."

"அப்புறம்?"

"கிளாஸுக்குள்ள போனா போர்டே சரியாத் தெரியல. கழட்டித் தொலைச்சேன். எல்லாம் கப்சிப். அப்புறம் மொத பெஞ்சு வாலு ஒண்ணு எழுந்து, சார், புதுக் கண்ணு எதுன்னு கேட்டுச்சு."

அக்கா கைப்பேசியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "நீ என்ன சொன்னே?"

"நீங்களே சொல்லுங்கடான்னேன். கை தூக்கச் சொன்னேன். பாதி கிளாஸ் வலதுங்குது, பாதி இடதுங்குது. ஒரே சண்டை. பக்கத்து கிளாஸ் டீச்சர் வந்து எட்டிப் பாத்துட்டுப் போறாங்க."

"அய்யோ. சொல்லிட்டியா எதுன்னு?"

"சொல்லல. நாளைக்குச் சொல்றேன்னுட்டேன்."

நாளைக்கு என்ற அந்தச் சொல்லை அவள் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முன்னறையிலிருந்து மாமா, "என்னாச்சு, என்னாச்சு? யாராவது சொல்லுங்களேன்!" என்று கத்திக்கொண்டிருந்தார்.